அளவு ஜாக்கெட் காட்டி வாங்கிய முதுகுப்பை

9 ஏப்ரல் 1985, செவ்வாய். அரியலூர்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பரீட்சை ஹால் மேற்பார்வை. நாள் முழுக்க நின்றதில் கால் கடுப்பு.

ஹெச்.எம். அம்மா மறுபடியும், "நெசமாவே போறீங்களா டீச்சர்?" பெயர் கொடுத்து, தேர்வாகி, ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இன்னும் என்ன நெசமாவே! ட்ரில் டீச்சரான நான் ஆம்பளையாக இருந்து இமயமலைக்குப் போனால் மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள்.

பத்து நாள் மலை நடை. ஆசிரியைகள் மட்டும். மே மாதம்.

வாங்க வேண்டியது:
கம்பளி ஸ்வெட்டர் (தங்கச்சியிடம் கேட்கலாம்)
டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை
தேங்காய் எண்ணெய், சின்ன பாட்டில்
விசில் — இருக்கு
முதுகுப்பை!!

பைதான் தலைவலி. கூட்டிப் போகிறவர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள்: வெளியே கம்பி தெரிகிற பழைய மாதிரி வேண்டாமாம், ஒற்றையடிப் பாதையில் பாறையில் இடிக்குமாம். சட்டம் உள்ளுக்குள் வைத்துத் தைத்த பை வேண்டும், அதுவும் அவரவர் முதுகு அளவுக்குப் பார்த்து. இங்கே கடைவீதியில் கேட்டால் ஸ்கூல் பையை எடுத்துப் போடுகிறான். ஜெயங்கொண்டத்தில் ஒருத்தன், "முந்திரிக்கொட்டை அள்றதுக்காங்க?" முகத்தில் அறையலாம் போல வந்தது.

வேலைக்குப் போய்ப் பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய இவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு ஆபீஸ் வேலையா திருச்சி போறேன். நானே பாத்து வாங்கிட்டு வரேன், விடு." நம்பமுடியவில்லை. என் வீட்டுக்காரரா? கல்யாணமானதிலிருந்து எனக்கென்று தானாக ஒரு சேஃப்டி பின் வாங்கி வந்தவரில்லை.

10 ஏப்ரல், புதன்

வாங்கி வந்துவிட்டார்! நீலப் பை. உள்ளே முதுகுப் பக்கம் இரண்டு அலுமினியப் பட்டை. இடுப்பில் கட்ட பெல்ட். சிங்கப்பூர்ச் சாமானாம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் அடுப்படியில் போய்த் துடைத்துக்கொண்டேன். சேமியா பாயசம் வைத்தேன். முந்திரி கை நிறைய அள்ளிப் போட்டேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

(பிறகு)

பாயசம் வைத்த கையை வெட்ட வேண்டும்.

சாப்பிட்டு முடித்து மாட்டிப் பார்த்தேன். இடுப்பு பெல்ட் இடுப்பில் இல்லை. மாருக்குக் கீழே விலாவைச் சுற்றி நிற்கிறது. தோள்வார் இரண்டும் கழுத்தை அறுக்கிறது. சின்னப் பிள்ளைப் பை.

"எப்படிங்க அளவு பாத்தீங்க?"

"உன் அளவு ஜாக்கெட்ட எடுத்துட்டுப் போனேன்."

ஐயோ! டைலருக்குக் கொடுக்கிற ஜாக்கெட்! கடையில் அதைப் பை மேல் வைத்து நீளம் பார்த்திருக்கிறார். ஜாக்கெட் எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே இருக்கிறது என்று இத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவருக்குத் தெரியாதா? செருப்பு வாங்க ஈர்க்குச்சியில் அளவெடுத்துப் போகிற ஊர்தான் இது, அதற்காக இதுவுமா?

அதுவும் அந்த மஞ்சள் ஜாக்கெட். கக்கத்தில் ஒட்டுப் போட்டது. திருச்சியில் எவன் கடை மேஜையிலோ விரித்து, நாலு ஆம்பளை பார்க்க. நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது.

"ஆசையா வாங்கிட்டு வந்தா இப்படிக் குதிக்கிற" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்படிச் சொன்னதும் கொஞ்சம் அடங்கித்தான் போனேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டார்.

12 ஏப்ரல், வெள்ளி

அனல் காற்று. கரண்ட் இல்லை.

தோள்வார்களை இழுத்து விட்டால் சரியாகுமோ என்று ஒரு சோதனை. குவாரி லாரிகள் ரோட்டோரம் சிந்திவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் ஐந்தாறு பொறுக்கி, பழைய சேலையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஒரு கல்லில் கிளிஞ்சல் பதிந்திருந்தது, அது எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்கு.

ஸ்டேஷன் வரை போகவில்லை, தோள் இரண்டும் தீயாய் எரிகிறது. பாரம் இடுப்புக்கு இறங்கினால்தானே? குடத்தை யாராவது நெஞ்சில் கட்டிக்கொண்டு தண்ணீர் எடுத்து வருவார்களா? போன வருஷம் பச்சமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோதும் இதே கதி. துணிப்பை தொங்கவிட்டு நடந்து, ஒரு வாரம் கையைத் தூக்கி போர்டில் எழுத முடியவில்லை. அது ஒரு நாள். இது பத்து நாள். இந்தப் பையோடு போனால் இரண்டாம் நாளே என்னைத் திருப்பி அனுப்புவார்கள்.

முக்கில் பூக்கடை சரோஜா பூ கட்டுவதை நிறுத்திவிட்டு:

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போறீங்களா?"

"இல்ல."

"இவ்ளோ பெரிய பைய முதுகுல கட்டிக்கிட்டு..."

"இல்லன்னு சொல்றேன்ல!"

டீக்கடைப் பெஞ்சில் பேச்சு நின்று எல்லாத் தலையும் திரும்பியது. ஆம்பளை பை தூக்கினால் வெளியூர். பொம்பளை பை தூக்கினால் வாழாவெட்டி. என்ன ஊருடா இது.

15 ஏப்ரல், திங்கள்

விடிந்தும் விடியாமல் கதவு தட்டல். ஜெயங்கொண்டம் முதல் பஸ்ஸில் அம்மா! கண்ணெல்லாம் வீங்கி, கையில் பலாப்பழம்.

"ஏண்டி, என்னடி பண்ணிட்ட? மாப்ள என்ன சொன்னாரு?"

யாரோ ஒரு கண்டக்டர் சொன்னானாம், உங்க பொண்ணு பையும் கையுமா ரோட்டுல போறாங்கன்னு. எங்கள் ஊர் பஸ்ஸில் டிக்கெட்டுக்கு மேல் இதுவும் கொடுப்பார்கள்.

பையைக் காட்டி, பாயசம் வைத்தது வரை எல்லாம் விளக்கினேன். அம்மா அழுகையை நிறுத்தி, அதைத் தூக்கிப் பார்த்து, "சும்மாடு வச்சுத் தலையில தூக்கிட்டுப் போயேண்டி. நான் தூக்காத முந்திரி மூட்டையா?" அம்மாவிடமும் கத்தினேன். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இவர் குளித்துவிட்டு வந்து, "அவ போறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க அத்தை. பைதான் அமையல. பை இல்லாம எப்படிப் போறது, நீங்களே சொல்லுங்க." ரொம்ப சாந்தமாகச் சொன்னார். ரொம்ப.

மாற்றி வரலாம், ரசீது எங்கே என்றேன். தொலைந்துவிட்டதாம். எந்தக் கடை? "பர்மா பஜார்ல எங்கியோ." நானே போகிறேன் என்றால், "வெயில்ல ஏன் அலையுற? அடுத்த மாசம் நான் போறப்ப பாக்கலாம்." அடுத்த மாசம் எனக்கு ரயில்!

பல்லி சத்தம் போட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா, அம்மாவிடம் கேட்கவில்லை.

20 ஏப்ரல், சனி

இவரிடம் சொல்லாமல் அம்மாவோடு திருச்சி. ரயிலில் நிற்க இடமில்லை. நீலப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே பஜாரில் கடை கடையாக ஏறினேன். நாலாவது கடையில் வயசான பாய் ஒருவர் பையைப் பார்த்ததுமே, "வாங்கம்மா. மஞ்ச ஜாக்கெட்டா?" என்றார்.

பூமி பிளந்து உள்ளே போயிருக்கலாம்.

"மாத்தித் தர முடியுங்களா பாய்?"

"தாராளமா. அன்னிக்கே சார்கிட்ட சொன்னேங்கம்மா. ஜாக்கெட் வச்சுப் பாக்குற சாமான் இல்ல இது, பின்கழுத்து எலும்புலேர்ந்து இடுப்பு எலும்பு வரைக்கும் அளந்துட்டு வாங்கன்னு. பெரிய சைஸும் எடுத்து வச்சேன்."

"அப்புறம்?"

பாய் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

"சின்னதே போதும் பாய்ன்னாரு. அவ போகப் போறதில்ல, ஆசைக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தா அடங்கிடுவான்னாரு. நான் தமாசுன்னு நெனச்சேங்கம்மா, அல்லா மேல ஆணையா."

கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். நான் அழவில்லை. எழுதி வைக்கிறேன், அழவில்லை.

"பெரிய சைஸ் எடுங்க" என்றேன்.

"லேடீஸுக்குக் கடையில மாட்டிப் பாக்குற வழக்கம் இல்லீங்கம்மா, வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி..."

"இங்கயேதான் மாட்டிப் பாப்பேன்."

மூன்று பை மாட்டினேன். அம்மா தன் முந்தானையை விரித்து வாசல் பக்கம் மறைத்துக்கொண்டு நின்றாள். ஒன்று பிட்டத்தில் இடித்தது. ஒன்றில் தோள்வார் இரண்டும் ரொம்ப அகலம், வழுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது, பச்சை. பெல்ட் இடுப்பு எலும்பு மேல் வந்து உட்கார்ந்தது. பாய் அலுமினியப் பட்டைகளை உருவி, முழங்காலில் வைத்து வளைத்து, முதுகோடு பார்த்து மறுபடி வளைத்தார். பழைய துணி மூட்டைகளை உள்ளே திணித்தார். இறுக்கியதும் தோளில் பாரமே இல்லை, எல்லாம் இடுப்பில். ஆறு மாசக் குழந்தையை இடுக்கிக்கொண்டது போல.

ஒரே கஷ்டம், பெல்ட்டை இறுக்கினால் சேலைக் கொசுவம் உருவிக்கொண்டு மேலே வருகிறது. தளர்த்தினால் பை இறங்குகிறது. சேலையா பையா, ஏதோ ஒன்றுதான்.

பை.

திரும்பும் ரயிலில் லால்குடி தாண்டியதும் அம்மா, "அந்தப் பாயசத்தக் கீழ ஊத்தியிருக்கலாம்டி" என்றாள்.

அதே நாள், இரவு

கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமா, சொன்னேன். இப்ப என்னங்குற?"

"போகவேணாம்னா வேணாம்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னா நீ கேப்பியா? ஊரக் கூட்டுவ. அவன் பொண்டாட்டி பையத் தூக்கிட்டு மலை ஏறப் போயிட்டாளாம்னு ஆபீஸ்ல இப்பவே சிரிக்கிறானுங்க."

அவர்கள் சிரிக்கிறார்கள் என்று நான் முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்! வேண்டாம் என்று நேருக்கு நேர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஜெயித்திருப்பேன், இல்லை தோற்றிருப்பேன், அது வேறு. அந்தச் சண்டையைக்கூட எனக்குத் தரவில்லை இவர். தூக்கவே முடியாத பையைப் பாசம் என்று கையில் கொடுத்துவிட்டு, நானே முடியவில்லை என்று உட்காரக் காத்திருந்தார். அந்தப் பைக்குத்தான் நான் அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்தேன். பொறுக்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

அம்மா உள்ளே பாத்திரத்தை வேண்டுமென்றே போட்டு உருட்டினாள்.

27 ஏப்ரல், சனி

காலை மேகம். வெயில் தாமதம், கும்பிட வேண்டும்.

பச்சைப் பை. சுண்ணாம்புக்கல், மேலே அரிசி மூட்டை, போர்வை. திருமானூர் ரோட்டில் கரும்புக் கொல்லை வரை நடந்து திரும்பினேன். தோள் வலி இல்லை. கனமான சாமானை முதுகை ஒட்டி வைக்க வேண்டும், வெளிப்பக்கம் வைத்தால் பின்னால் இழுக்கிறது. ஷூ சுண்டுவிரலில் கடிக்கிறது, பஞ்சு வைக்க.

உடுப்பு: இவருடைய பைஜாமா, மேலே இவருடைய முழுக்கைச் சட்டை. கேட்காமல் எடுத்தேன். நாடா முடிச்சு பெல்ட்டுக்கு அடியில் குத்தியது, பக்கவாட்டில் முடிந்தால் சரி. கொடியில் பைஜாமாவைத் தேடினார். நான் போட்டிருப்பதைப் பார்த்தார். வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஹெச்.எம். அம்மாவுக்கு அதற்குள் தகவல். "மலைக்குப் போனாலும் சேலைதாங்க டீச்சர் நமக்கு மரியாதை." நீங்கள் சேலையோடு இந்தப் பையை மாட்டி ஸ்கூல் கிரவுண்டை ஒரு சுற்று வாருங்கள், நானும் சேலை கட்டுகிறேன் என்றேன். சம்பள உயர்வில் கை வைப்பார், வைக்கட்டும்.

சரோஜா: "இன்னும் கோவம் தீரலையா டீச்சரம்மா?"

"கோவம் இல்ல சரோஜா, பழகுறேன்."

"எதுக்குப் பழகுறீங்க, போறதுக்கா?"

பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எங்கள் ஊரில் பாதிப் பொம்பளைகள் பஸ் ஏறுவதில்லை.

4 மே, சனி. ரயிலில்

பெட்டி ஆடுகிறது, எழுத்து கோணல்.

அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். நான் வரும் வரை இங்கேயே இருப்பாளாம், மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போட. "பாயசம் மட்டும் வைக்க மாட்டேன்" என்றாள், அவர் காதில் விழும்படி.

கிளம்பும்போது இவர் வாசலுக்கு வந்து பையைத் தூக்கப் போனார். "குடு, ஸ்டேஷன் வரைக்கும் நான் கொண்டாரேன்."

"பட்டையத் தொடாதீங்க. என் அளவுக்கு வச்சிருக்கேன்."

கையை எடுத்துக்கொண்டார். நானே குனிந்து மாட்டி, பெல்ட்டை இடுப்பில் இறுக்கினேன். வெறுங்கையோடு பின்னால் வந்தார். பைஜாமாவில் நான், வேட்டியில் அவர். தெருவே வாசலில்.

முக்கில் சரோஜா எழுந்தே நின்றுவிட்டாள். இன்றைக்கு அவள் குரலில் கிண்டல் இல்லை, நிஜமான கவலை.

"டீச்சரம்மா, நெசமாவே கோவிச்சுக்கிட்டுத்தான் போறீங்களா?"

"ஆமா சரோஜா" என்றேன், டீக்கடை வரைக்கும் கேட்கும்படி. "கோவிச்சுக்கிட்டுத்தான் போறேன். நடந்து முடிச்சிட்டு வருவேன்."

பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. நான் நிற்கவில்லை.