மேகக்காட்டுக்கு இரண்டு பேர்

மார்ச் 3, திங்கள்

வங்கி மேலாளர் அறைக்கான திரைச்சீலை இன்று முடிந்தது. அடிமடிப்பை மட்டும் கையால் தைத்தேன். மெஷின் தையல் ஜன்னல் வெளிச்சத்தில் பல்லிளிக்கும். மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து, எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லா டெஸ்ட்டும் நல்லா வந்திருக்கு. உங்க கிட்னி அவருக்குப் பொருந்துது."

எழுந்து அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இவரோ, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது குனிந்தபடியே சொன்னார், "வேண்டாம், லீடர்."

வாத்தியார் அல்லவா, கல்யாணமான புதிதிலேயே எனக்கு கிளாஸ் லீடர் பதவி கொடுத்துவிட்டார். லீடர் பேச்சைக் கேட்டால்தானே!

ஏன் வேண்டாம்? கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு பை மாற்ற உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பழைய நீரை வடித்துவிட்டு, புதுப் பையிலிருந்து மருந்துநீரை உள்ளே விட வேண்டும். தினமும் நான்கு வேளை. சிறுநீரகம் பார்க்க வேண்டிய வேலையை ஒன்றரை வருடமாக இந்தப் பைகள்தான் பார்க்கின்றன. இப்படியே ரொம்ப காலம் ஓட்ட முடியாது என்று டாக்டரம்மா போன மாதமே சொல்லிவிட்டார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இவரைச் "சரி" என்று சொல்ல வைக்காமல் நான் விடப்போவதில்லை.

மார்ச் 4

இன்றும் வேண்டாமாம்.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் வந்தான். உட்காரும் முன்பே ஆரம்பித்தான்.

"உனக்கு மூளை கீளை இருக்கா? பிள்ளையும் இல்ல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துப்பா?"

"ஏன், நீ பாத்துக்க மாட்டியா?"

நல்லவன்தான். பயத்தை அதட்டலாகத்தான் காட்டத் தெரியும் அவனுக்கு. ஆனால் உள்ளேயிருந்து இவர் வந்து நின்று, "மச்சான் சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கூடத்தில் ஃபேனை எங்கே மாட்டுவது என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர். எனக்கு எதிராக என்றதும் கூட்டணி!

இரண்டு பேருக்கும் டீ போட்டு வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். இவருக்கு வழக்கம்போல அரை டம்ளர். தண்ணீர், டீ, குழம்பு எல்லாமே இவருக்கு அளவுதான். சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றேதான்.

மார்ச் 9, ஞாயிறு

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். வருடா வருடம் கேட்பார், நான் ஒன்றும் வேண்டாம் என்பேன், ஒரு கைப்பையோ குடையோ வந்து சேரும். இந்தத் தடவை பட்டென்று சொன்னேன்: "மேகக்காடு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

பூகோள வாத்தியார். வகுப்பில் மேகக்காட்டுப் பாடம் நடத்தும் நாளில் வீட்டுக்கு வந்து எனக்கும் ஒரு முறை நடத்துவார். மழை பெய்யாத நாளிலும் நனைந்துகொண்டே இருக்கிற காடு. மேகம் மரங்களுக்கு உள்ளேயே புகுந்து போகும். இலையும் பாசியும் அதைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும். எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். நேரில் போனதில்லை.

"என் உடம்பை வெச்சுக்கிட்டு அங்க எப்படி?"

"உடம்பையும் கூட்டிட்டுத்தான்."

"பை மாத்தணுமே."

"அங்கயும் சுவர் இருக்கும். சுவர்ல ஆணி இருக்கும். மாத்தலாம்."

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். போகலாம் என்றார். அறை சுத்தமாக இருக்கணும், பை மாற்றும்போது கதவு ஜன்னல் சாத்தணும், தண்ணீர் அளவு மாறக்கூடாது, எதற்கும் ஒரு நாளுக்கான பைகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளணும்.

பிறந்தநாள் என்பது பாதி உண்மைதான். இந்த வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே இவருடைய "வேண்டாம்" எனக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. வேறு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

மார்ச் 14

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு துணிப்பை, இவருடைய மருந்துப் பைகளுக்கு இரண்டு பெட்டி. இவர் அட்லஸை வேறு எடுத்து வைத்தார். எதுக்கு என்றேன். "சும்மா இருக்கட்டும்." சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். காட்டில் எவன் பார்க்கப்போகிறான் உங்கள் சட்டையை!

மார்ச் 15, சனி

வந்துவிட்டோம். பஸ் மலையடிவாரம் வரைதான். அங்கிருந்து ஜீப். ஒரு திருப்பத்தில் வெயில் இருந்தது, அடுத்த திருப்பத்தில் எதுவுமே இல்லை. வெறும் வெள்ளை. ஜீப்காரர் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடியே ஏறினார். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேகத்துக்குள்ள வந்துட்டோம், லீடர்! இது பனி இல்ல, மேகம்!" என்று கத்தினார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் தோற்றுப்போவார்கள்.

விடுதியை நடத்துவது ஒரு பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். காட்டுக்குள் அழைத்துப் போவதும் அவரேதான். ரப்பர் பூட்ஸைக் கழற்றுவதே இல்லை. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அறை முழுக்க மரப்பலகை. திரைச்சீலையைத் தொட்டதுமே தெரிந்தது, பூஞ்சை. கழற்றி வெளியே கொடுத்தேன். அக்கா முகம் சுருங்கியது. விஷயத்தைச் சொன்னதும் அவரே பினாயில் கொண்டுவந்து என்னோடு சேர்ந்து சுவரைத் துடைத்தார். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினேன். திரைச்சீலைக் கம்பியில் மருந்துப் பையைத் தொங்கவிட்டேன். கம்பி தாங்கும் என்று பார்த்ததுமே தெரியும், இந்தத் தொழிலில் அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

வெளியே எங்கு பார்த்தாலும் தண்ணீர். கூரை சொட்டுகிறது, மரம் சொட்டுகிறது, கொடியில் போட்ட துண்டு காய மாட்டேன் என்கிறது. இவர் தன் அளவுத் தண்ணீரை ஒரு குட்டிப் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, நாக்கு நனைகிற அளவுக்கு மட்டும் சாய்த்துக் குடிக்கிறார். இந்த மனிதரைத் தண்ணீராலேயே ஆன காட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேனே. நான் செய்தது சரியா?

மார்ச் 16, ஞாயிறு

இன்று எனக்குப் பிறந்தநாள்.

காலையில் பை மாற்றி முடித்ததும் அக்காவோடு நடந்தோம். மெதுவாக, உட்கார்ந்து உட்கார்ந்து. மரம் எது பாசி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கிளையும் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறது. கிளைமேல் பெரணிச் செடி, அதற்கு நடுவே விரல்நகம் அளவுக்குப் பூ. மேகம் வருவதைக் கண்ணால் பார்த்தேன். தூரத்து மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தன. பிறகு இவருடைய முதுகும் அழிந்தது. "இருக்கீங்களா?" என்றேன். "பிரசன்ட் டீச்சர்" என்று வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

ஓரிடத்தில் இவர் ஒரு தாழ்ந்த கிளைக்குக் கீழே நின்றார். பாசியின் நுனியில் திரண்ட சொட்டு நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். நான் பார்க்கவில்லை என்று நினைத்து வாயைத் திறந்தார். நானும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்து வராந்தாவில் உட்கார்ந்ததும் கேட்டேன். "இப்ப சொல்லுங்க. ஏன் வேண்டாம்?"

அக்கா கொடுத்திருந்த பூட்ஸின் சேற்றைக் குச்சியால் சுரண்டினார். பிறகு, "நான் உன்கிட்டச் சண்டை போடணும், லீடர்" என்றார்.

"போடுங்களேன்!"

"எப்படிப் போடுறது? உன் கிட்னியை உள்ள வெச்சுக்கிட்டு, குழம்புல உப்பு இல்லன்னு சொல்ல முடியுமா? நீ செய்யறது தப்புன்னா தப்புன்னு சொல்ல முடியுமா? வாய் வராது. காலம் பூரா கையைக் கட்டிக்கிட்டு உனக்கு நன்றி சொல்லிட்டு நிக்கணும். அது புருஷன் பொண்டாட்டி இல்ல."

எவ்வளவோ பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு மட்டும் இல்லை.

சாயங்காலம் நிஜ மழையே பிடித்துக்கொண்டது.

மார்ச் 17, திங்கள்

இன்று கிளம்பியிருக்க வேண்டும். மலைச்சரிவு இடிந்து பாதையில் கிடக்கிறது. ஜீப் வராது. நாளைக்கு மண்ணை அள்ளினாலும் அள்ளுவார்கள், இல்லையென்றால் இல்லை என்கிறார் அக்கா. கூடுதலாகக் கொண்டுவந்த பைகள் நாளைக் காலை வரைதான் வரும். அதற்குப் பிறகு?

மத்தியானம் அக்காவோடு போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தேன். "பை மாத்தியாச்சா?" என்றேன். "ஆச்சு" என்றார். பெட்டியைத் திறந்தால் மத்தியானப் பை அப்படியே இருக்கிறது.

பொய்! என்கிட்ட!

"ஒண்ணை மிச்சம் பிடிச்சா நாளைக்கு ஆகுமில்ல. உனக்கு எதுக்குக் கவலைன்னுதான்..." என்கிறார். கவலையாம்! கால் வீங்கியிருக்கு. மூச்சு வாங்குது. எனக்குக் கவலை வேண்டாமாம்!

கத்தினேன். இப்படி நான் கத்தியதே இல்லை. யாரைக் கேட்டு விட்டீங்க? உங்க உடம்பு மட்டும்தானா இது? நான் யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?

அவரும் எழுந்து நின்று கத்தினார். "எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணு! பிறந்தநாள்னு சாக்கு சொல்லிக் கூட்டிட்டு வந்தவ யாரு? இங்க வெச்சு மடக்கிடலாம்னுதானே வந்தே?"

"ஆமா! மடக்கத்தான் வந்தேன்! இப்ப என்ன?"

"எனக்குப் பயம்டி! உன்னை ஆபரேஷனுக்கு உள்ள அனுப்பிட்டு, நீ திரும்பி வரலன்னா? அப்புறம் உன் கிட்னியை வெச்சுக்கிட்டு நான் எதுக்கு இருக்கணும்?"

பலகைச் சுவர். எல்லாம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

நான் அந்தப் பையை வெந்நீர்ப் பையின்மேல் வைத்துச் சூடு பண்ணினேன். கம்பியில் மாட்டினேன். அவரும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 18, செவ்வாய். வீட்டில்.

உடம்பு முழுக்க வலி. ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

மண் அள்ளும் வண்டி வரவில்லை. காட்டு வழியாகச் சுற்றி இறங்கினால் சரிவுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம், ஜீப்பை அங்கே வரச் சொல்கிறேன் என்றார் அக்கா. காலையில் கடைசிப் பையை மாற்றிவிட்டுக் கிளம்பினோம். துணிப்பையை அக்கா தூக்கிக்கொண்டார். மருந்துச் சாமான் பெட்டியை நான் முதுகில் கட்டிக்கொண்டேன். இவர் தருகிறாயா என்று கையை நீட்டினார். தரவில்லை. நேற்றிலிருந்து பேச்சு கிடையாது.

பாதி வழியில் வேர் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வரை சேறு. இவர் பிடித்துத் தூக்கிவிட்டு, கேட்காமல் பெட்டியை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம்தான் நடக்க முடிந்தது. விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் மூச்சிரைக்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மேகம் வந்து மூடியது. முன்னால் போன அக்கா கண்ணுக்குத் தெரியவில்லை.

"நேத்து அந்தப் பையை விட்டேன்ல," என்றார். "உனக்கு நல்லது பண்றதா நினைச்சுத்தான் விட்டேன். சத்தியமா. நீ கத்துனப்புறம்தான் தெரிஞ்சுது, உன்னைப் பக்கத்து வீட்டுக்காரியா ஆக்கிட்டேன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கிட்னி வேண்டாம்னு சொல்றதும் அதே கதைதான் போல."

நான் குனிந்து புடவையில் ஒட்டிய சேற்றைத் துடைத்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்.

"டாக்டரம்மாவை எப்ப பாக்கலாம்?"

"எதுக்கு?" என்றேன். தெரிந்தும் கேட்டேன். அவர் வாயால் வரட்டும்.

"சரின்னு சொல்ல."

மரத்தின் ஈரம் புடவையில் ஏறுவதைக்கூடக் கவனிக்கவில்லை நான்.

"ஆனா ஒண்ணு, லீடர். சண்டைன்னு வந்தா இதை நடுவுல இழுக்கக்கூடாது."

"இழுப்பேன்."

"என்னது?"

"கண்டிப்பா இழுப்பேன். கோவம் வந்தா என் வாய் சும்மா இருக்குமா? சொல்லிக்காட்டுவேன். நீங்களும் திருப்பிக் கத்துங்க. நேத்து கத்துனீங்களே, அந்த மாதிரி."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. என்னவோ ஏதோ என்று அக்கா மேகத்துக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

அங்கிருந்து பெட்டியை நான்தான் தூக்கினேன்.

மார்ச் 20

டாக்டரம்மாவிடம் இவரே சொன்னார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 27

மறுபடி எல்லா டெஸ்ட்டும். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். குறைந்தால்தான் தேதி. காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். உப்பை விட்டாயிற்று. அண்ணன் தினமும் வந்து கூடவே நடக்கிறான். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே நடக்கிறான்.

மே 19

அழுத்தம் இறங்கிவிட்டது. தேதி கொடுத்துவிட்டார்கள். கையிலிருக்கும் ஆர்டர் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூன் 4

நாளை காலை. முதலில் என்னை உள்ளே கூட்டிப் போவார்கள். பயமாக இருக்கிறது. போகிறேன்.

ஜூன் 9

பேனா பிடிக்க முடிகிறது. சிரித்தால் வலிக்கிறது. அண்ணன் வாசலில் நின்று "அவர் நல்லா இருக்கார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

செக்கப் முடிந்து வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தோம். வேகத்தடை வரும்போதெல்லாம் இடது பக்கத்தைக் கையால் அழுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, நிறுத்துங்க, நிறுத்துங்க. அவசரம்."

"இப்பதானே சார் நிறுத்துனேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுக்கினார். இவர் மாஸ்க்கைச் சரி செய்துகொண்டு ஓட்டமும் நடையுமாகக் கழிவறைப் பக்கம் போனார்.

"சாருக்கு சுகராம்மா?"

"இல்லப்பா."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். பைகளோடு கழிந்த அந்த நாட்களில் இந்த மனிதருக்கு இப்படி ஒரு அவசரம் வந்ததே இல்லை. கடைசியில் சிறுநீர் சுத்தமாக நின்றே போயிருந்தது. நான் ஜன்னலை இறக்கிவிட்டு, அந்தக் கழிவறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வாசனை. வெயில்.

ஈரக் கையை உதறிக்கொண்டு வந்து ஏறினார். "என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. கதவை நல்லாச் சாத்துங்க."

அடுத்த சிக்னலைத் தாண்டியதும் மறுபடியும் டிரைவரின் தோளைத் தட்டினார்.