மார்புச் சீரமைப்பை மறுத்தது என் மனைவி அல்ல

அனுப்புநர்:
பள்ளி வரலாற்று ஆசிரியர்,
(புற்றுநோய்ப் பிரிவு நோயாளியின் கணவர்)

பெறுநர்:
கண்காணிப்பாளர்,
பொது மருத்துவமனை.

பொருள்: கதிர்வீச்சு முடிந்த என் மனைவியை மார்புச் சீரமைப்பு அறுவைக்கான வரிசையில் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்களுக்கு இது என் நான்காவது மனு. பழுதான மின்தூக்கி, பூட்டியே கிடக்கும் மருந்தகம், வாசற்காவலரின் வாய்த்துடுக்கு ஆகியவை பற்றிய முந்தைய மூன்றுக்கும் பதிலில்லை. அவற்றில் நான் பாதிக்கப்பட்டவன். இதில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

2. மார்பகத்தை அகற்றும் முன்பு, என் மனைவி திரைக்குப் பின்னால் உடை அணிந்துகொண்டிருக்கையில், அறுவை மருத்துவர் என்னிடம் கேட்டார்: "எடுக்கும்போதே தோலுக்கு அடியில ஒரு பை வச்சுடலாம், பின்னால மார்பை அமைக்க உதவும். என்ன சொல்றீங்க?" நான், "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு சார்? உயிர் பிழைச்சா போதும்" என்றேன். அவள் வெளியே வருமுன் பேச்சு முடிந்துவிட்டது. நோயாளி உடை மாற்றும் நேரத்தில் உடன் வந்தவரிடம் முடிவு கேட்பது அங்கே வழக்கம். அது தவறான வழக்கம். அன்று எனக்கு அது வசதியாக இருந்தது.

3. மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துக் கட்டில் பெண்மணி சொல்லித்தான் இப்படியொரு வழி இருந்தது அவளுக்குத் தெரிந்தது. என்னைக் கேட்டாள். "டாக்டர்தான் வேண்டாம்னுட்டார்" என்றேன். அன்று முதல் வீட்டில் அவரைத் திட்டினாள். அவளைவிட உரக்க நானும் திட்டினேன்.

4. சென்ற வாரம் சீரமைப்புப் பிரிவுக்குச் சென்றோம். கதிர்வீச்சில் தோல் இறுகிவிட்டதால் சில மாதம் பொறுக்க வேண்டும், பிறகு வயிற்றுத் தசையை எடுத்து அமைக்க வேண்டும், அது பெரிய அறுவை என்றார்கள். ஏற்கிறோம். ஆனால் அங்கிருந்த மருத்துவர், பழைய கோப்பைப் பார்த்துவிட்டு, "நீங்கதானேம்மா வேண்டாம்னீங்க? இப்ப வந்து கேட்டா எப்படி? மத்தவங்க முடியட்டும்" என்று வரிசையில் சேர்க்காமலே அனுப்பிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத்தாளை என் முன் வைத்தாள். "ஊர்ல இருக்கிறவங்க மேலெல்லாம் மனு எழுதுவீங்களே, இதையும் எழுதுங்க. யாரு வேண்டாம்னு சொன்னாங்கன்னு மறக்காம போடுங்க."

5. ஆகவே போடுகிறேன்: மறுத்தவன் நான். அவளை யாரும் கேட்கவேயில்லை. தோல் தேறும் காலத்தைத் தங்களால் குறைக்க முடியாது என்பதை அறிவேன். அதற்கு மேல் ஒரு நாளும் என் வாயால் அவள் காத்திருக்கும்படி ஆகாமல், இப்போதே அவளுக்கு வரிசையில் இடமளிக்க வேண்டுகிறேன்.

பதிலை அவள் பெயருக்கே அனுப்புங்கள். நான் பிரிக்க மாட்டேன்.

இடம்: புறநோயாளிப் பிரிவு
நாள்: 9-ஆம் தேதி, திங்கள்

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
நோயாளியின் கணவர்