கெபிக்கு அடியில் இருக்கும் மூடி

ஒக்டோபர் 7, திங்கள்

கக்கூஸ் அடைத்து இன்றோடு ஆறு நாள். எங்கள் மேல் லயத்து வரிசையில் உள்ள பன்னிரண்டு வீட்டுக்கும் இருப்பது நாலு கக்கூஸ். நாலும் நிரம்பிவிட்டன. விடியும் முன் அம்மாவும் நானும் தேயிலைக்குள் போய் வருகிறோம். அட்டைக்கடி. அதே காலைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம். இரண்டாம் பாடத்திலேயே கண் சொருகுகிறது.

எங்கள் கழிவெல்லாம் ஒரே குழாயில் சரிவில் இறங்கி, கீழ் லயத்தைத் தாண்டிக் குழிக்குப் போக வேண்டும். நடுவில் எங்கோ நின்றுவிட்டது. மேலே நிரம்பியது போக மிச்சம் மண்ணுக்குள் ஊறி, கீழ் லயத்துக் கடைசி வீட்டின் பின்னால் பொங்குகிறது. அது ஜெயந்தினியின் வீடு. என்னோடு பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய அக்கா பிரியந்திக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எங்கே நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

ஒக்டோபர் 8, செவ்வாய்

நேற்று எழுத வந்ததை எழுதாமல் படுத்துவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

இரண்டு லயத்துக்கும் நடுவில் மாதா கெபி இருக்கிறது, கல்லால் குகை மாதிரிக் கட்டி உள்ளே மாதா சிலை வைத்தது. அப்பா கட்டியது. அப்பா தோட்டத்தில் மேசன் வேலை செய்கிறார். எல்லோரும் அன்டன் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு நிறையக் குடிப்பார். ஒரு தடவை அம்மாவின் கையை உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு, குடியை விட்டால் மாதாவுக்குக் கெபி கட்டுவதாக நேர்ந்துகொண்டார். விட்டார். கட்டினார்.

அது நாட்டில் சீமெந்து கிடைக்காத வருடம். அத்திவாரம் போட வழியில்லை. சரிவில் புல்லுக்குள் ஒரு கொங்கிரீட் மூடி கிடந்தது. மட்டமாக, உறுதியாக. அதன் மேலேயே கல் அடுக்கினார். எல்லோரும் நோர்வூட்டுக்குத் திருவிழா பார்க்கப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன். இது என்ன என்று கேட்டேன்.

“கக்கூஸ் கானோட மூடி. இத யாரு தொறக்கப் போறா? நீ வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத.”

நான் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 10, வியாழன்

மேல் லயத்து ஆட்கள் மூங்கிலை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். மூங்கில் உடைந்ததுதான் மிச்சம். கீழ் லயத்துக்காரர்கள் சாம்பலையும் தேயிலைச் சாயச் சக்கையையும் கொட்டுவதால்தான் அடைத்தது என்று சண்டை. ஜெயந்தினியின் அம்மா காளியாயி எதிர்த்துக் கேட்டாராம், மேலே அடைத்ததற்குக் கீழே கொட்டுகிறவர்கள் எப்படிக் காரணம் என்று. அப்பாவும் அங்கேதான் நின்றார்.

மாலை ஜெபமாலை. இது ஜெபமாலை மாதம், தினமும் ஆறு மணிக்குக் கெபி முன்னால் கூடுகிறோம். அப்பாதான் முன்சொல்வார். அந்த நாற்றத்திலும் குரல் நடுங்காமல் சொன்னார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லையா? இல்லை, தோன்றியும்தான் சொல்கிறாரா?

ஒக்டோபர் 11, வெள்ளி

நாள் முழுக்க மழை. தண்ணீர் ஜெயந்தினி வீட்டுக் குசினிக்குள், அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

ஒக்டோபர் 12, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

தோட்ட ஒபிஸில் சொல்லி நுவரெலியாவிலிருந்து பிரஷர் வண்டி வந்தது. ஹோட்டல்களில் கழிவுக் கானைக் கழுவுகிற லொறி. முதுகில் பெரிய தண்ணீர்த் தாங்கி, பக்கத்தில் சுருட்டி வைத்த கறுப்பு ஹோஸ். கதவில் போன் நம்பர் பெரிதாக எழுதியிருந்தது. விஜிதரன் என்ற தமிழ் அண்ணன்தான் வேலை செய்தார். டிரைவரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டார். ஹோஸ் முனையில் கையளவு இரும்பு மூக்கு. அதில் தண்ணீர் பின்பக்கமாகச் சீறும், அந்த வேகத்தில் ஹோஸ் தானாகவே குழாய்க்குள் முன்னே போகும் என்று சுற்றி நின்ற பிள்ளைகளுக்குச் சொன்னார். விரலை வைத்தால் எலும்புதான் மிஞ்சும் என்றும் சொன்னார். எல்லோரும் ஓரடி பின்னால் போனோம்.

கீழே குழிப் பக்கத்திலிருந்து ஹோஸை விட்டார். பாம்பு போலப் போனது. பிறகு நின்றது. அவர் ஹோஸில் இருந்த அடையாளத்தைப் பார்த்து, மேலே நடந்து தூரம் அளந்தார். இந்த இடத்தில் ஒரு மேன்ஹோல் இருக்க வேண்டுமே, மூடி எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அப்பாவிடமும் கேட்டார்கள், கட்டட வேலைக்காரர் ஆயிற்றே. தெரியாது என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

மறுபடி மோட்டார் வேகத்தைக் கூட்டினார்கள். காலுக்கு அடியில் மண் அதிர்ந்தது. அப்போதுதான் கெபிக்குள் மாதா ஆடினார். நிஜமாகவே ஆடினார். பூச்சாடி விழுந்து உடைந்தது.

பக்கத்து வீட்டு ஜீவராணி அக்கா “மாதாவே” என்று சேற்றிலேயே முழங்காலில் விழுந்தார். பிறகு எல்லாப் பெண்களும். கீழ் லயத்தார் சிலரும் கும்பிட்டார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். விஜிதரன் அண்ணன் கெபியின் அடிக்கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஹோஸைச் சுருட்டினார். மூடியைக் கண்டுபிடித்துச் சொன்னால் திரும்பி வருவதாகத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவும் முழங்காலில்தான் இருந்தார். தெரிந்துகொண்டே.

நான் மட்டும் லொறிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்தெல்லாம் மெழுகுதிரியோடு வந்தார்கள். ஒருவர் கெபி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு போனார். அந்த மண்ணை! அப்பாவின் கையைப் பிடித்து, நீங்கள் கட்டிய இடத்தில் மாதா இறங்கிவிட்டார் என்கிறார்கள். அப்பா தலையாட்டுகிறார். முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருக்கிறது.

இனி யார் அங்கே தோண்ட விடுவார்கள்?

ஒக்டோபர் 15, செவ்வாய்

பிரியந்தி அக்காவின் பிள்ளைக்கு வயிற்றால் போகிறது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். ஜெயந்தினி இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் உடுப்பில் அந்த நாற்றம். பின் வரிசை வாங்கில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

“பிள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சுடி. ஒங்க மாதா எறங்கி வந்தாங்கல்ல, கீழ எங்க வீட்டுப் பக்கமும் ஒரு எட்டுப் பாக்கச் சொல்லேன்.”

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஒக்டோபர் 16, புதன்

அப்பாவிடம் கேட்டேன். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த மூடி...”

“எந்த மூடி?”

அவ்வளவுதான். வாளியை எத்திவிட்டு வெளியே போனார். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். உடைந்து ஒட்டிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கப் போய்விட்டாரோ என்று இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வந்தார். குடிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

கெபி போனால் அப்பாவும் போய்விடுவார். கெபி இருந்தால் அந்தப் பிள்ளை — எழுத மாட்டேன்.

ஒக்டோபர் 18, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் போனிலிருந்து லொறிக் கதவில் இருந்த நம்பருக்குப் பேசிவிட்டேன். மனதில் பாடமாக இருந்தது. மூடி கெபிக்கு அடியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நீங்கள் யார் என்று விஜிதரன் அண்ணன் கேட்டார். போனை வெட்டிவிட்டேன். நம்பர் அவருக்குப் போயிருக்கும் என்று அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. மடைச்சி. மடைச்சி.

ஜெபமாலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. அப்பா எடுத்தார். அந்தப் போனில் பேசுவது வெளியே கேட்கும்.

“பகல் இந்த நம்பர்லருந்து ஒரு பிள்ள பேசுனாங்க அண்ணே. மூடி கெபிக்கு அடியிலன்னாங்க. உண்மதானா?”

அப்பா போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்றது. கொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“காலையில வாங்க தம்பி,” என்றார்.

போனை மேசையில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒக்டோபர் 19, சனி

லொறி வருவதற்கு முன்பே அப்பா மாதாவைத் தூக்கி வந்து எங்கள் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். பிறகு சுத்தியலோடு போனார். முதல் அடியிலேயே லயம் கூடிவிட்டது. ஜீவராணி அக்கா குறுக்கே போய் நின்றார். பிசாசு பிடித்துவிட்டதா என்று கத்தினார். தலைவர் அப்பாவின் கையைப் பிடித்தார்.

“கைய விடுங்க தலைவரே. மூடி இதுக்குக் கீழதான். எனக்குத் தெரியும். நாந்தான் மேல வச்சிக் கட்டுனேன்.”

தலைவர் கையை விட்டார்.

“அப்ப அன்னைக்கு மாதா ஆடுனாங்களே?” என்று ஜீவராணி அக்கா கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

“தண்ணி,” என்றார் அப்பா.

மூடி ஒரு மூலையில் உடைந்திருந்தது. கெபியின் பாரத்தில் உடைந்து, கொங்கிரீட்டும் கல்லும் உள்ளே விழுந்து, அதில்தான் எல்லாம் சிக்கி நின்றிருக்கிறது. ஆக, அடைத்ததே அப்பாதான். நான் எடுத்துக் கொடுத்த கல். விஜிதரன் அண்ணன் நீளக் கம்பியால் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். யாரையும் உள்ளே இறங்க விடவில்லை. பிறகு ஹோஸை விட்டார். கொஞ்ச நேரம் இடித்தது. சட்டென்று பெரிய சத்தத்தோடு எல்லாம் கீழே இறங்கியது. கீழ் லயத்தில் காளியாயி சத்தம் போட்டு அழுதார்.

மேல் லயத்தார் அப்பாவோடு பேசாமல் உள்ளே போனார்கள். மூடி இருக்கும் இடத்தை லொறிக்காரருக்குச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 20, ஞாயிறு

அப்பா குடித்துவிட்டு வந்தார்.

ஒக்டோபர் 21, திங்கள்

இன்றும். யாரையும் அடிக்கவில்லை. வாசலிலேயே தூங்கிவிட்டார். அம்மா கம்பளி போர்த்தினார். ஜெபமாலை இப்போது ஜீவராணி அக்கா வீட்டில். எங்களைக் கூப்பிடவில்லை.

நான்தான் செய்தேன்.

ஒக்டோபர் 26, சனி

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. ஜெயந்தினி வந்து சொல்லிவிட்டு ஓடினாள். பாலைக் குடித்ததும் கக்குகிறதாம், ஆனால் கத்துகிறதாம். நல்லாக் கத்துகிறதாம்.

நவம்பர் 9, சனி

விஜிதரன் அண்ணன் போகும்போது, மாதத்துக்கு ஒரு தரமாவது மூடியைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யார் பார்ப்பது என்று லயத்தில் ஒருவரும் பேசவில்லை. அப்பா தானே புது மூடி வார்த்துப் போட்டார். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் இரும்பு வளையம் வைத்தார்.

இந்த வாரம் அவர் குடிக்கவில்லை. அடுத்த வாரம் தெரியாது. போன் வந்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று காலை தனியாகப் போய்க் குனிந்து நின்றார். ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். போய் மற்ற வளையத்தைப் பிடித்தேன். சரியான கனம். இருவருமாகத் தூக்கி ஓரமாக வைத்தோம்.

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு எனக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

“ஓடுது,” என்றார்.