கல்யாணப் பந்தலில் எங்கள் நாடகம்

தார்வாட்,
வியாழன் மாலை.

அன்புள்ள ரோகிணி அக்காவுக்கு,

பூர்ணிமா எழுதுகிறேன். உங்கள் பழைய எண்ணில் இப்போது யாரோ ஒரு டயர் கடைக்காரர் பேசுகிறார். என்னோடு பேசிப் பேசி அவருக்கே அலுத்துவிட்டது. என் வகுப்புத் தோழி சங்கீதா இன்று நீங்கள் இருக்கும் பீதருக்கு வண்டி ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அதைவிட, திங்கட்கிழமை உங்களுக்கு விடுப்புக் கிடைக்க வேண்டும்.

சென்ற ஆண்டு உங்களுக்குத் தந்த அதே குவாரி காலனியைத்தான் இந்த ஆண்டு எங்களுக்கும் களப்பயிற்சிக்குத் தந்தார்கள். சமூகப்பணி மாணவிகளைப் பார்த்து அங்கே யாருக்கும் வியப்பில்லை. டீக்கடை எல்லவ்வா முதல் நாளே, “இந்த வருஷம் என்னடி பாடம்? கக்கூஸா, குடியா, சின்ன வயசுக் கல்யாணமா?” என்று கேட்டாள். சின்ன வயசுக் கல்யாணம் என்றேன். “அப்பாடா, கக்கூஸ் நாடகம் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு” என்று சொல்லி டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டாள். வீடு வீடாகப் போனால் நாம் வாயைத் திறக்குமுன்பே பெயர், வயது, வருமானம் எல்லாம் வரிசை தப்பாமல் வந்து விழுகிறது. ஒருவர், “கஷ்டத்த இப்பச் சொல்லவா, டீ குடிச்சிட்டுச் சொல்லவா?” என்றார். கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, அக்கா. பழக்கம்.

நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுத்த மல்லவ்வாவுக்கு இப்போது பதினைந்து வயது. எங்கள் தெருநாடகத்தில் மணப்பெண்ணாக அவளையே போட்டோம். மக்களே நடிக்க வேண்டும், பங்கேற்பு இருந்தால்தான் மதிப்பெண் என்று தேசாயி மேடம் சொல்லியிருந்தார். ஒத்திகையில் அவள் வசனத்தை மென்று விழுங்குவாள். சத்தமாகப் பேசு என்று அவளை அதட்டிக்கொண்டே இருந்தேன்.

நாடகத்தன்று, போன ஞாயிற்றுக்கிழமை, மண்டை பிளக்கும் வெயில். நிழலுக்கு எங்கே போவது என்று நாங்கள் விழித்தபோது மல்லவ்வாவின் அம்மா துர்கவ்வா, “எங்க வாசல்ல பூஜைக்குப் பந்தல் போட்டிருக்கு, நாற்காலியும் கெடக்கு. அங்கயே ஆடுங்கம்மா” என்றாள். மேடத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. துறையின் பேனரைப் பந்தல் முகப்பில் நாங்களே கட்டினோம். மல்லவ்வா புதுப் பச்சைச் சேலையும் கை நிறையப் பச்சை வளையலுமாக, கன்னத்தில் மஞ்சளோடு வந்து நின்றாள். வேஷத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று துர்கவ்வாவுக்கு நன்றி சொன்னேன். நன்றி சொன்னேன், அக்கா!

முன்வரிசையில் கதக் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். தன் முறை வந்ததும் மல்லவ்வா, “எனக்கு வேணாம்ப்பா. நான் படிக்கணும்” என்றாள். நாங்கள் எழுதிக்கொடுத்த வசனம் அதோடு சரி. அவள் நிறுத்தவில்லை. “அந்த ஆளப் பாத்தா பயமா இருக்கு. என்னை அனுப்பாதீங்க” என்றாள், காலனிக்கே கேட்கும்படி. கைதட்டல் ஓயவே இல்லை. முன்வரிசையில் ஒரு மீசைக்காரன் விசிலடித்தான். நானும் தட்டினேன். ஒருவழியாகச் சத்தமாகப் பேசிவிட்டாளே என்ற பூரிப்பு எனக்கு.

பிறகு பந்தியில் உட்கார்ந்து நெய் ஊற்றி இனிப்பு ஹோளிகை தின்றோம். இரண்டாவது ஹோளிகையில் கை வைத்தபோது எல்லவ்வா குனிந்து, “மாப்பிள்ள எப்படி? அதோ, விசிலடிச்சானே, அவன்தான். காலைல நிச்சயம் முடிஞ்சுது. வர்ற பசவ ஜெயந்தியன்னிக்குக் கல்யாணம்” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சாப்பிடுறீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

அன்றே குழந்தை உதவி எண்ணுக்குப் பேசினேன். மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். துர்கவ்வா அசரவில்லை. “கல்யாணமா? எந்தக் கல்யாணம் சார்? இந்தக் காலேஜ் பொண்ணுங்க போட்ட நாடகம். அவங்க பேர்தான் மேல தொங்குதே, படிச்சுப் பாருங்க” என்றாள். தொங்கியது. அவிழ்க்க மறந்திருந்தோம். அவர்கள் மேடத்துக்குப் போன் செய்து கேட்க, ஆமாம், எங்கள் நாடகம்தான் என்றார் அவர். அதிகாரிகள் போய்விட்டார்கள்.

மேடத்திடம் போய் நின்றேன். “நான் ஒண்ணும் பொய் சொல்லலையே, பூர்ணிமா. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். இந்தக் காலனி கைவிட்டுப் போனா அடுத்த பேட்ச எங்க அனுப்புறது? வெள்ளிக்கிழமையோட உனக்குப் பயிற்சி முடியுது. இனி வர மாட்டேன்னு சொல்லி, பயனாளியோட உறவ முறைப்படி முடிச்சுட்டு அறிக்கையக் குடு” என்றார். நாடகத்தில் மக்கள் பங்கேற்பு மிகச் சிறப்பு என்று பாராட்டவும் செய்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நடந்தது நிச்சயம்தான், நாடகம் அதன் பிறகுதான் என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு என் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டம் என்ன ஆகுமோ தெரியாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தாயும் மகளும் நேரில் வர வேண்டும் என்று குழு சொல்லியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தது மட்டும் போதாதாம், பெண் தன் வாயால் சொல்ல வேண்டுமாம்.

நேற்று மல்லவ்வாவைக் குழாயடியில் பிடித்தேன். திங்கட்கிழமை அவர்களிடம் சொல்லிவிடு, பயப்படாதே என்றேன். குடத்தைப் பார்த்தபடியே, “ஊரு முன்னாடிதான் சொன்னேனே அக்கா. நீங்களும்தானே கைதட்டுனீங்க. இன்னும் யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?” என்றாள். குடம் நிறைந்து வழிந்தது. அதற்குப் பிறகுதான், ரோகிணி அக்கா வந்தால் சொல்வேன் என்றாள்.

ஏன் அவங்க என்று கேட்டேன். “எல்லா அக்காவும் போகும்போது போயிட்டு வரேன்னுதான் சொன்னாங்க. யாரும் வரல. ரோகிணி அக்கா மட்டும்தான் போறேன், இனி வர மாட்டேன்னு சொன்னாங்க. அவங்க பொய் சொல்லல” என்றாள்.

முடித்த உறவை மறுபடி தொடக் கூடாது என்ற பாடத்தில் நம் துறையிலேயே முதல் மதிப்பெண் உங்களுக்குத்தான். தெரிந்துதான் கேட்கிறேன். ஞாயிறு மாலை பீதரில் வண்டி ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். நான் நிலையத்தில் நிற்பேன். அவளிடம் நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் பொய்யாக்கிவிடுங்கள், அக்கா.

வழி பார்த்திருக்கும்,
பூர்ணிமா