தீவனக் கொட்டகைத் தாழ்ப்பாள்

வெர்லின்,

மாட்டுக்கறி சூப் அடுப்பு மேல இருக்கு. சுட வச்சு, உக்காந்து சாப்பிடு. நேத்து மாதிரி நின்னுக்கிட்டே ரொட்டியைக் கடிச்சுட்டுப் போயிடாதே.

கோழித் தண்ணி உறைஞ்சிருக்கும், வெந்நீர் ஊத்து. மூணு வாரமா முட்டை குறைஞ்சு போச்சு. குளிர்தான் காரணம்னு நீ சொல்றே. டூலி குரைக்காத முற்றத்துல அதுங்களுக்கும் பயம்னுதான் எனக்குத் தோணுது.

பதினோரு மணிக்குப் பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ் முட்டைக்கு வருவா. ஊருக்குப் போய் ஒரு மாசம் கழிச்சு இப்பதான் வந்திருக்கா, டூலி செத்தது அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல எலும்பு கொண்டு வருவா. பேசாம வாங்கி வச்சுக்கோ. "என் தப்புதான்"னு அவகிட்டயும் ஆரம்பிக்காதே.

நான் வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வந்துடுவேன்.

மார்லிஸ்

இன்னொண்ணு. நீ கொட்டகையைத் தாழ்ப்பாள் போடாம விட்டதாலதான் டூலி உள்ள போய் எலி மருந்தைத் தின்னுச்சுன்னு அன்னைக்குக் கத்தினேன். நீயும் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே.

நீ தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் வந்தே. அதுக்கப்புறம் கோழித் தீவனத்துல கலக்கக் கிளிஞ்சல் தூள் எடுக்க நான் கொட்டகைக்குப் போனேன். ரெண்டு கையிலயும் வாளி. கதவைக் காலால தள்ளிச் சாத்திட்டு, திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டுக்கலாம்னு நினைச்சேன். வரல.

நீ தினமும் சாயங்காலம் மூணு தரம் போய் அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துட்டு வர்றே. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.