முன்னாடி எந்த வீலு?

சைக்கிள் ரேசுக்குக் கிளம்பும் முன், தூங்கிக்கொண்டிருந்த கணவன் பெலிக்சுக்காக ஷாலட் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். இரண்டு நாளாக அவர்களுக்குள் பேச்சில்லை.

“யோவ், இட்லி ஹாட்பாக்ஸ்ல கீது. சாவி மீட்டர் பெட்டி மேல.

முன்னாடி சின்ன ரிம்மு வீலுதான் மாட்டிகினு போறேன். பட்டையா ரிம்மு வச்ச பெருசுதான் காத்தைக் கிழிச்சுகினு போவும்னு உன்னாண்ட சண்டை போட்டேன். முந்தாநேத்து எண்ணூர் பாலத்துல, நீ சொன்ன மாதிரியே, கடல்காத்து அந்த ரிம்மை ஒரே தள்ளு தள்ளுச்சு. கொஞ்சம் தப்பினா கன்டெய்னர் லாரி அடியில போயிருப்பேன். வீம்புல சொல்லல. இப்பத்தான் நிம்மதியா கீது.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, ஓரத்தில் இடுக்கி எழுதினாள்:

“பெருசை நீ கட்டிலுக்கடியில ஒளிச்சதைப் பாத்துட்டேன். அந்தக் கோவத்துலயும் கீறல் படக்கூடாதுன்னு உன் கல்யாணக் கோட்டைச் சுத்தி வச்சிகீறே பாரு! பத்து மணிக்கு ரேசு முடியுது. அந்தக் கோட்டையே போட்டுகினு வா.”