தேரியில் விட்டு வந்த தண்ணீர்

இன்று காலை தெருக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். அந்த வாடை சன்னல் வழியாக வந்ததும் கணக்கு வாத்தியார் வேலையெல்லாம் மறந்துபோய், பிள்ளைகளின் நோட்டுகளை மூடி வைத்துவிட்டேன். நீ போய் நான்கு வருடம் ஆகிறது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றுபோயிருந்தன. செம்மணல் தேரிக்காட்டு ஊர்களிலோ காலரா. தூத்துக்குடியிலிருந்து ஊசிமருந்தை ஐந்து நாள் ஊர் ஊராகக் கொண்டுபோக, தொண்டுக்குப் போன நம் இருவருடைய சைக்கிள்களை விட்டால் வேறு வழியில்லை. மூட்டை கட்டுவதில் நீ பொல்லாதவன். உமிக்குள் மருந்துக் குப்பிகளைப் புதைத்த பெட்டி கேரியரின் மேல். அதற்கு இருபுறமும் ஆளுக்கு இரண்டு டின் கொதித்தாறிய தண்ணீர். ஹாண்டில்பாரில் மாற்றுத்துணி மட்டும்.

"முன்னால கனம் வச்சா மணல்ல மூக்கு குத்திரும்லே" என்று நான் கட்டியதை அவிழ்த்து, நீயே மறுபடி கட்டினாய்.

இரண்டாம் நாள் செம்மணல் மேடு வந்தது. டயரில் காற்றைக் குறைத்தும் சக்கரம் புதைந்தது. தள்ளிக்கொண்டுதான் போனோம். நீ மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டாய். எனக்குத் தோள் இற்றுவிழும் போலிருந்தது. ஒரு டின்னை மட்டும் எடுத்தால் வண்டி சாயும். இரண்டையும் அவிழ்த்து உடைமரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

"டின்னு எங்கலே?"

"கயிறு அவுந்து உருண்டு போச்சு. தண்ணியெல்லாம் மணல்ல போயிட்டு."

"சரி, விடு. எங்கிட்ட இருக்குல்லா."

உன்னிடம் இருந்தது மறுநாள் மதியத்தோடு தீர்ந்தது. கடைசி மடக்கை எனக்குத் தந்துவிட்டு, நீ ஊர்க்கிணற்றில் வாளியைப் போட்டாய். கொதிக்க வைத்துக் குடி என்றேன்.

"அடுப்புக்கு இருக்க ஸ்பிரிட்டு ஊசி கொதிக்க வைக்கவே காணாது. நமக்குத்தான் ஊசி போட்டாச்சே, ஒண்ணும் செய்யாது."

நான்காம் நாள் விடியும்போது உன் கண்கள் குழிந்திருந்தன. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, உன்னை என் கேரியரில் உட்காரவைத்து, வேட்டியால் என் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். ஆஸ்பத்திரி எட்டு மைலில் இருந்தது. வழியில் ஒரே ஒரு முறை பேசினாய்.

"பெட்டிய நிழல்ல வச்சியாலே?"

"வச்சேன்."

அது உண்மை. ஆஸ்பத்திரி வாசலில் முடிச்சை அவிழ்த்தபோது உன் தலை என் தோளிலிருந்து நிமிரவில்லை.

போன மாதம் உன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். சுளகில் இருந்த அரிசியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத எதுக்குண்ணே இப்ப எங்கிட்ட சொல்லுதிய? ஒங்க பாரத்த இங்கன இறக்கி வச்சிட்டுப் போகவா?"

எழுந்து வந்துவிட்டேன். அவள் கேட்டது சரிதான். இனி எவரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லியிருக்க வேண்டியது உன்னிடம். அதுவும் அந்த எட்டு மைலுக்குள், என் முதுகில் உன் மூச்சு பட்டுக்கொண்டிருந்தபோதே.

கயிறு அவிழவில்லை. நான்தான் வைத்துவிட்டு வந்தேன்.